பத்து நாளில் ஒன்பது மைதானமா? கோவை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் நால்வர். கோவையில் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்து கோல்ஃப் ஆடுகிறோம். வயது 55 முதல் 62 வரை, ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறையச் சிறப்பு) 14 முதல் 22 வரை. 2027 ஜூலையில் பத்து நாள் ஸ்காட்லாந்து சென்று கடற்கரை லிங்க்ஸ் மைதானங்களில் ஆட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, மியூர்ஃபீல்ட், டர்ன்பெரி, ராயல் டார்னோக் என்று எழுதிக்கொண்டே போனதில் ஒன்பது மைதானங்கள் சேர்ந்துவிட்டன. முடிந்தால் அயர்லாந்தின் பாலிபனியனும். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் சுத்த சைவம். என் மனைவியும் வருகிறார், அவர் ஆடுவதில்லை. எப்படித் திட்டமிடுவது? எங்களைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்கள் அங்கே போய் நிற்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் பட்டியலை ஸ்காட்லாந்து வரைபடத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். டர்ன்பெரி தென்மேற்குக் கரையில் இருக்கிறது. டார்னோக் வடக்கே, இன்வர்னெஸ் நகரையும் தாண்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பத்து நாளில் போக வர இரண்டு நாள் கழிந்தால் மிச்சம் எட்டு. எட்டு நாளில் ஒன்பது மைதானம் என்றால், காலையில் ஆடி, மதியம் பெட்டி கட்டி, இரவு வேறோர் ஊரில் இறங்கி, மறுநாள் அறிமுகமே இல்லாத ஒரு மண்ணில் முதல் பந்தை அடிக்க வேண்டும். என் முதல் பயணத்தை நானும் அப்படித்தான் போட்டேன். ஏழு நாள், ஏழு மைதானம். இன்று கண்ணை மூடினால் கார் நிறுத்துமிடங்களும் ஈரமான பைகளும் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாவது மைதானத்தின் ஒரு குழிகூட நினைவில் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே நேராகவே சொல்கிறேன்: ஐந்து மைதானம் போதும். அவற்றில் ஒன்றையாவது இரண்டு முறை ஆடுங்கள். இரண்டு ஊர்களுக்கு மேல் தங்காதீர்கள்.

பாலிபனியனை இப்போதே எடுத்துவிடுங்கள். அது அயர்லாந்துக் குடியரசில், மேற்குக் கரையில் கெர்ரியில் இருக்கிறது. வேறு நாடு, வேறு பயணம். டர்ன்பெரியும் டார்னோக்கும் அதேபோல ஒரு தனிப் பயணத்துக்கு உரியவை. மியூர்ஃபீல்டில் வெளியாருக்குச் செவ்வாயும் வியாழனும்தான் இடம், அதையும் வெகு முன்னதாகப் பதிய வேண்டும். காலையில் ஒரு சுற்று, மதியம் கோட்டும் டையும் அணிந்து கிளப் ஹாலில் விருந்து, பிறகு இரண்டு பேருக்கு ஒரு பந்து என்ற முறையில் இன்னொரு சுற்று. அதற்கென்றே ஒரு முழு நாளும் ஒரு பெரிய தொகையும் வேண்டும். முதல் பயணத்தில் அதைச் சேர்க்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது மாதம். 2027 ஜூலையில் ஓபன் என்ற பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி, செயின்ட் ஆண்ட்ரூஸில் ‘ஓல்ட்’ எனப்படும் பழைய மைதானத்தில்தான் நடக்க இருக்கிறது. அதற்கு முன்பே மைதானத்தைப் போட்டிக்காக மூடிவிடுவார்கள். ஊரில் அறை கிடைப்பதும் பெரும்பாடு. ஆகையால் செப்டம்பரின் முதல் பாதிக்குத் தள்ளுங்கள். மாத இறுதியில் அந்த ஊரின் ஆர் அண்ட் ஏ கோல்ஃப் கிளப்பின் இலையுதிர்காலக் கூட்டம் வரும். அக்டோபர் தொடக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ் ஆகிய மூன்று மைதானங்களையும் டன்ஹில் என்ற போட்டி எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் முதல் பாதியில் மாலை ஏழரை மணிவரை வெளிச்சம் இருக்கும். பகலில் வெப்பநிலை 15 டிகிரிக்கு மேலும் கீழுமாக நிற்கும்.

செப்டம்பரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அது உங்கள் ஊரைச் சேர்ந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக முதலில் இறங்குவது உங்கள் ஊரில்தான். லிங்க்ஸ் ஆட்டத்துக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. காற்று அடிக்கிறது என்று ஆடி மாதத்தில் மைதானத்துக்குப் போகாமல் இருப்பீர்கள் அல்லவா? 2027-இல், புறப்படுவதற்கு முன் வரும் அந்த நாட்களில்தான் போக வேண்டும். எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்து இன்னும் அதிகமாகச் சுழன்று மேலே எழும்பும், காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆறாம் நம்பர் அயர்ன் மட்டைக்குப் பதில் நாலாம் நம்பரை எடுத்து, பிடியைச் சற்றுக் கீழே பிடித்து, பந்தை வலது காலை ஒட்டி வைத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடித்துப் பழகுங்கள். பந்து தென்னை உயரம்கூடப் போகக் கூடாது. ஒரு மாதம் இதைச் செய்தால் போதும்.

லிங்க்ஸ் என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா யோசனையும் அதிலிருந்துதான் வருகிறது. கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணல் பூமி அது. பயிர் விளையாது. ஆடு மேய்க்கலாம், துணி உலர்த்தலாம், விளையாடலாம். நம் இலக்கியம் நெய்தல் என்று சொல்லும் நிலம்தான். நம் கரையில் அடும்பங்கொடி படர்ந்து மணலைப் பிடித்து வைப்பதுபோல, அங்கே மேரம் என்ற ஒரு முரட்டுப் புல் மணற்குன்றுகளைக் கட்டி நிறுத்துகிறது. நமக்குத் தாழை வேலி என்றால் அவர்களுக்கு கோர்ஸ் என்ற மஞ்சள் பூப்புதர், முள் அடர்ந்தது. அதற்குள் போன பந்தைத் தேடிக் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

அடியில் மணல் என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் தேங்குவதில்லை. மேலே மெல்லிய ஃபெஸ்க்யூ புல், கீழே பாய் விரித்தது போன்ற இறுக்கம். முதல் முறை அந்தத் தரையில் நடந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நம் ஊரில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அங்கே விழுந்த பிறகுதான் அதன் பயணம் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு அதை இருபது அடி இடப்பக்கம் இழுத்துச் செல்லும். ஆகவே கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, நாற்பது கஜம் இருக்கும்போது வெட்ஜ் மட்டையை எடுத்துப் பந்தை உயரத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த இறுகிய தரையில் வெட்ஜின் அடிப்பாகம் துள்ளிப் பந்தின் நடுவில் அடித்துவிடும். ஏழாம் நம்பர் அயர்னால் தட்டி உருட்டுங்கள். கிரீனுக்கு வெளியே இருபது கஜத்தில் பந்து கிடந்தாலும் பந்தை உருட்டும் பட்டர் மட்டையை எடுக்கத் தயங்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் ஆடுகிறார்கள்.

பங்கர்களைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய பங்கர் தட்டையான மணல் தட்டு. அங்கே அது கிணறு. புல் கட்டிகளைச் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருப்பார்கள். பழைய மைதானத்தில் மட்டும் அப்படி 112 பங்கர்கள் இருக்கின்றன. பல, அடிக்கும் இடத்திலிருந்து தெரியவே தெரியாது. சுவரை ஒட்டிப் பந்து கிடந்தால் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியே தட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போங்கள். அதுதான் சரியான அடி. கொடியை நோக்கியே அடிப்பேன் என்று நின்றவர்கள் அங்கேயே ஐந்தாறு அடிகளைப் புதைத்துவிட்டு வருவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

இனி பழைய மைதானத்தில் இடம் பிடிப்பது. இதில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானங்கள் எந்தத் தனியார் கிளப்பின் சொத்தும் அல்ல. அவை பொது நிலம், செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் நிர்வகிக்கிறது. ஆண்ட கோமகனும் ஆடலாம், அடுத்த தெருக் கடைக்காரரும் ஆடலாம். முன்கூட்டியே நேரம் வாங்க, முந்தைய ஆண்டின் கோடை முடிவில் டிரஸ்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதிகளை அவர்களுடைய இணையதளத்தில் இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் குலுக்கல். ஆடவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் உங்கள் நால்வர் பெயரையும் கிளப்பையும் ஹேண்டிகேப்பையும் பதிந்தால், அன்று மாலைக்குள் முடிவு தெரியும். உத்திரமேரூர்க் குடவோலைபோல, உங்கள் பெயர் வந்தால் வந்ததுதான், சிபாரிசு எடுபடாது. குறைந்தது இருவர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் விழாவிட்டாலும் தனி ஆட்டக்காரர்களுக்கென்று இன்னொரு குலுக்கல் உண்டு. அதற்கு முந்தைய நாளே நேரில் சென்று பெயர் பதிய வேண்டும். இரண்டு அல்லது மூன்று பேர் ஆடும் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே சேர்த்துவிடுவார்கள். நால்வரும் ஒன்றாக ஆட முடியாது, ஆனால் ஆட முடியும். கட்டணம் கோடைக்காலத்தில் ஒருவருக்கு 300 பவுண்டுக்கு மேல். பக்கத்திலேயே இருக்கும் நியூ, ஜூபிலி மைதானங்களுக்கு அதில் பாதிகூட ஆகாது.

நான் போட்டுத் தரும் திட்டம் இது. சனிக்கிழமை எடின்பரோவில் இறங்குங்கள். நம் ஊரிலிருந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா வழியாகப் போவதே எளிது. அங்கிருந்து நேரே செயின்ட் ஆண்ட்ரூஸ், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏழு இரவு அங்கேயே தங்குங்கள்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. அன்று அது ஊரின் பூங்கா. குழந்தைகள் ஓடுகிறார்கள், நாய்கள் ஓடுகின்றன, ஸ்வில்கன் பாலத்தின் மேல் குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. ஐவரும் மட்டையில்லாமல் பதினெட்டுக் குழியையும் நடந்து பாருங்கள். எந்தத் தொலைக்காட்சியிலும் தெரியாத மேடு பள்ளங்கள் அன்றுதான் தெரியும். பதினான்காவது குழியின் ஹெல் பங்கர் ஓரத்தில் நின்று உள்ளே பாருங்கள். பதினேழாவதில் கிரீனுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவையும் கல்சுவரையும் தொட்டுப் பாருங்கள். தெருவில் கிடக்கும் பந்தையும் அப்படியே அடிக்க வேண்டும் என்பதால் அதற்கு ரோடு ஹோல் என்று பெயர். பதினெட்டுக் குழிகளில் பதினான்குக்குத் தனி கிரீன் இல்லை. போகும் வழியில் ஒரு கொடியும் திரும்பும் வழியில் ஒரு கொடியுமாக ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடி என்று பை சுமந்து வழிகாட்டும் அங்குள்ள கேடிகள் சொல்வதன் காரணமும் நடந்து பார்த்தால் புரியும். வலப்பக்கம் முள்புதர், இடப்பக்கம் திரும்பி வருபவர்களின் விசாலமான ஃபேர்வே என்ற ஆட்டப்பாதை.

திங்கள், நியூ மைதானத்தில் ஒரு சுற்று. பெயர்தான் நியூ, 1895-இல் ஓல்ட் டாம் மாரிஸ் என்ற அந்தக் கால ஆட்டக்காரர் அமைத்தது. பழைய மைதானத்தை ஒட்டியே ஓடுகிறது, அதே மண், அதே காற்று. வியாழக்கிழமை மறுபடியும் அங்கேயே ஆடுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தயங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போய் ஆடிய இடத்திலேயே ஆடுவதா என்று. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-இல் முதன்முதலாகப் பழைய மைதானத்தில் ஓபன் ஆடியபோது அவருக்கு வயது 19. மூன்றாவது சுற்றில் ஆட்டம் குலைந்து, பதினோராவது குழியில் பந்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். அந்த மண் அவருக்குப் புரியவில்லை. 1927-இல் திரும்பி வந்து அதே இடத்தில் ஓபனை வென்றார். 1930-இல் அங்கேயே அமெச்சூர் பட்டமும் வென்றார். 1958-இல் அந்த ஊரே அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. லிங்க்ஸ் முதல் நாளில் எவருக்கும் பிடிபடாது. திங்களன்று எங்கே பந்து உருண்டு பங்கரில் விழுந்தது என்று தெரிந்துகொண்டு, வியாழனன்று அதே உருளலைக் கொண்டு கொடிக்குப் பக்கத்தில் சேர்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை உங்களுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஒன்பது மைதானங்களை ஒவ்வொரு முறை ஆடினால் அது கிடைக்காது.

செவ்வாய், எலீ. ஃபைஃப் கரையில் ஒரு சின்ன மீனவ ஊர். உங்கள் பட்டியலில் இல்லாத பெயர், ஆனால் நான் அழைத்துச் செல்கிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து முதலில் பேசுவது இதைப் பற்றித்தான். ஓபனை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரைட் பிறந்து வளர்ந்த இடம். பதினெட்டுக் குழிகளில் பதினாறு, பார் நான்கு, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியவை. மிச்சம் இரண்டு பார் மூன்று, பார் ஐந்து ஒன்றுகூட இல்லை. முதல் குழியில் எதிரே ஒரு மேடு ஃபேர்வேயை முழுவதும் மறைக்கிறது. முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று பார்க்க, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டரின் குடிசைக் கூரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். எச்.எம்.எஸ். எக்ஸ்காலிபர் என்ற கப்பலில் இருந்தது. கேட்டால் உங்களையும் பார்க்க விடுவார்கள். பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை வைத்தால், வட்டத்துக்குள் மேட்டுக்கு அப்பால் நாலு பேர் பையை இழுத்துக்கொண்டு போவது தெரியும், அவர்களுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கடல். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் வழக்கமாகக் கால் மணி நேரம் முன்னதாகப் போகிறேன்.

புதன், கார்னூஸ்டி. டண்டி வழியாக முக்கால் மணிப் பயணம். தட்டையான நிலம்தான், ஆனால் இந்தப் பயணத்திலேயே மிகக் கடினமான மைதானம் அது. பார்ரி பர்ன் என்ற ஓடை கடைசிக் குழிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. 1999 ஓபனின் கடைசிக் குழிக்கு பிரெஞ்சு ஆட்டக்காரர் ழான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு வந்தார். ஆறு அடித்தாலும் வெற்றி. ஏழு அடித்தார், நடுவில் காலணியைக் கழற்றிவிட்டு அந்த ஓடைத் தண்ணீரில் இறங்கியும் நின்றார். பிறகு சமநிலையை முறிக்க நடந்த பிளே ஆஃபில் பால் லாரி வென்றார். நீங்கள் அந்தக் குழிக்கு வரும்போது ஓடைக்கு முன்னாலேயே பந்தை நிறுத்துங்கள், ஓர் அடி கூடினால் கூடட்டும். இங்கே குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடினால் ஒரு கெட்ட குழி அந்த நாளையே கெடுக்காது.

திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாட்களுக்கும் பழைய மைதானக் குலுக்கலில் பெயர் கொடுங்கள். திங்களுக்கான பெயரை, வந்து இறங்கும் சனிக்கிழமையே கொடுக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். முடிவு இரண்டு நாள் முன்பே தெரிவதால், எலீயில் தொலைபேசியில் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளியை இதற்காகவே காலியாக வைத்திருக்கிறேன். அதுவரை பெயர் விழாவிட்டால் வியாழன் காலை தனி ஆட்டக்காரர்களுக்கான பதிவுக்குப் போங்கள்.

சனிக்கிழமை நார்த் பெரி என்ற கடற்கரை ஊருக்கு மாறுங்கள், ஞாயிறு அங்கே வெஸ்ட் லிங்க்ஸில் கடைசிச் சுற்று, திங்கள் விமானம். வார இறுதியில் வெளியாருக்கு நேரம் குறைவு, ஆகவே உங்கள் முன்பதிவுகளில் முதலில் செய்யவேண்டியது இதுதான். பதின்மூன்றாவது குழியில் உங்களுக்கும் கிரீனுக்கும் நடுவே ஒரு பழைய கல்சுவர் நிற்கும். மைதானத்தைவிடப் பழையது, அதை இடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தாண்டித்தான் அடிக்க வேண்டும். பதினைந்தாவதின் பெயர் ரெடான். உலகெங்கும் மைதானம் அமைப்பவர்கள் நகலெடுத்த குழி.

முழங்கால் வலியுள்ள நண்பரைப் பற்றி. லிங்க்ஸ் நடந்தே ஆடவேண்டிய மைதானம். பேட்டரி வண்டி பல இடங்களில் கிடையாது, இருக்கும் இடங்களிலும் மருத்துவர் கடிதம் கேட்பார்கள், எண்ணிக்கையும் சொற்பம். முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். நான் தேர்ந்தெடுத்த ஐந்தும் பெரும்பாலும் சமதளம். அதற்காகவே செங்குத்தான ஏற்றமுள்ள கல்லன், காஸில் ஆகிய மைதானங்களை விட்டேன். அவர் இப்போதிருந்து தினமும் நடக்கட்டும், அங்கே பை தூக்காமல் தள்ளுவண்டியோ கேடியோ வைத்துக்கொள்ளட்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஒரு நாள் அவரால் முடியாமல் போனால் ஒன்பது குழியோடு நிறுத்திக்கொள்வதில் குறைவில்லை.

சைவ நண்பருக்கு: கிளப் ஹால்களில் பருப்பு சூப் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே அதைப் பன்றி இறைச்சி வேகவைத்த நீரில் செய்வது வழக்கம். ஸ்காட்ச் பிராத்தும் அப்படியே இறைச்சி சேர்ந்தது. சைவமா என்று கேட்பதோடு நிற்காமல் எந்த நீரில் செய்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவிக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் அலுக்காது. 1413-இலிருந்து இயங்கும் பல்கலைக்கழகம், இடிந்து நிற்கும் பேராலயம், நீண்ட மேற்கு மணற்கரை, எல்லாம் நடை தூரத்தில். பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் டாம் மாரிஸின் மகன் யங் டாம் உறங்குகிறார். நான்கு முறை தொடர்ந்து ஓபனை வென்ற இளைஞர். 1875 செப்டம்பரில் நார்த் பெரியில் ஆடிக்கொண்டிருந்தபோது மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று தந்தி வந்தது. அவர் ஊர் சேர்வதற்குள் மனைவியும் குழந்தையும் போய்விட்டார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவரும் இறந்தார், வயது 24. கோல்ஃப் தெரியாதவர்களும் அவர் கல்லறையிலுள்ள சிலையின் முன் சற்று நேரம் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் மனைவியை ஆட வைக்கவும் ஓர் இடம் இருக்கிறது. பழைய மைதானத்தை ஒட்டி ஹிமாலயாஸ் என்ற பெயரில், மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் மைதானம். 1867-இல் பெண்களுக்காகத் தொடங்கிய கிளப்புடையது. சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். ஐவரும் ஒரு மாலை அங்கே போங்கள், அவர் உங்கள் நால்வரையும் வென்றால் எனக்கு எழுதுங்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் பழைய பந்துகளையும் பாருங்கள். தோலுக்குள் இறகு திணித்த பந்துகள் போய், மலாயாவின் மரப்பால் பிசினான கட்டா பெர்ச்சாவில் பந்துகள் வந்தது 1848 வாக்கில். கிழக்கேயிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பொதிந்திருந்த பிசினை உருக்கித்தான் முதல் பந்தை உருட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது.

சில்லறை விஷயங்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும், அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும், வண்டியும் இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆனால் ஐந்து பேரும் நான்கு கோல்ஃப் பைகளும் சாதாரணக் காரில் அடங்கமாட்டார்கள், ஒன்பது இருக்கை வேன் எடுங்கள். உங்கள் கிளப்பின் ஹேண்டிகேப் சான்றிதழை ஆளுக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழைச் சட்டையும் பேண்டும் இரண்டு ஜோடி காலணியும் கம்பளித் தொப்பியும் வேண்டும். குடை வேண்டாம், காற்று அதைப் பிடுங்கிவிடும். காலணி, மழைச் சட்டை, ஒரு கையுறை, ஆறு பந்து ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஒருமுறை என் கோல்ஃப் பை விமானம் மாறும் இடத்தில் தங்கிவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தது. மட்டையை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தேன், பழகிய காலணி இல்லாமல்தான் பாதத்தில் கொப்புளம் வந்தது. முதல் இரண்டு நாளில் பெரிய ஆட்டம் எதையும் நான் வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக உங்கள் தயக்கம். ஹேண்டிகேப் 22 அங்கே யாருக்கும் ஒரு பொருட்டல்ல. அவர்கள் பொறுக்காதது ஒன்றே ஒன்று, தாமதம். நான்கு பேர் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பந்து பக்கத்தில் போய்ச் சேரும்போதே எந்த மட்டை என்று முடிவு செய்திருங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். பழைய மைதானத்தில் பெயர் விழுந்தால் அன்று மட்டுமாவது நால்வருக்கு இரண்டு கேடிகளாவது எடுங்கள். முதல் பந்தை அடிக்கும் டீ என்ற இடத்தில் கேடியிடம் உங்கள் ஹேண்டிகேப்பையும், ஏழாம் நம்பர் அயர்னில் உண்மையாகவே எத்தனை கஜம் போகும் என்பதையும் கூட்டாமல் சொல்லுங்கள். பிறகு அவர் எங்கே கை காட்டுகிறாரோ, அது கொடிக்கு முப்பது கஜம் தள்ளி இருந்தாலும், அங்கே அடியுங்கள்.